மாட்டைக் கட்டினியோ?

மூன்றாம் தடவையும் வாய் திறந்துகொண்டது.

பாலேஸ்வரி வெள்ளைத் துணியை அவிழ்த்து, நாடிக்குக் கீழே மறுபடி கொடுத்து, உச்சந்தலையில் இழுத்து முடிச்சுப் போட்டாள். கையை எடுக்கும்வரை மச்சாள் அன்னபாக்கியம் நல்ல பிள்ளையாக இருந்தாள். எடுத்ததும் நாடி மெல்ல இறங்கியது. எழுபத்திரண்டு வருடம் சும்மா கிடக்காத வாய். செத்த அன்று மட்டும் சொல்வழி கேட்குமா என்ன?

"விடுங்கோ அக்கா, திறந்தபடி இருக்கட்டும்," என்றார் வாசலில் நின்ற பூபாலசிங்கம்.

பூபாலசிங்கம் கொழும்பு வெள்ளவத்தையின் இந்த ஒழுங்கைக்கு, இந்தச் சின்னத் தெருவுக்கு, செத்தவீட்டு மந்திரி. ஐயருக்குச் சொல்வது, பெட்டிக்குச் சொல்வது, கனத்தை மயானத்தில் நேரம் எடுப்பது எல்லாம் அவர் கையில். பெண்கள் இருவருக்கும் ஊர்க்காரர். ஒரு முறைக்கு அன்னபாக்கியத்துக்குத் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரும் வர வழியில்லை. பாலேஸ்வரியின் மகன் யோகநாதன் லண்டனிலிருந்து வந்து சேர இரண்டு நாளாகும். நாளைக்கோ சனிக்கிழமை, சனிக்கிழமையில் பிணம் எடுக்க ஒருவருக்கும் மனமில்லை. ஆகவே இன்றைக்கே நாலு மணிக்கு எடுப்பது, கொள்ளியைத் தானே வைப்பது என்று காலை ஏழு மணிக்கே அவர் தீர்த்துவிட்டார்.

ஆனால் வாயைத் திறந்து விடச் சொன்னது வேறு காரணத்துக்கு. அவருக்குப் பின்னால், அந்தச் சின்ன மேல்மாடி வீட்டின் விறாந்தை முழுக்க, ஒழுங்கைப் பெண்கள் எட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் அன்னபாக்கியத்தின் முகத்தைப் பார்க்க வந்தவர்களல்ல. நாக்கைப் பார்க்க வந்தவர்கள்.

நடு நாக்கில், மிளகளவில், ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது.

"தெரியுதோ?"

"ஓம், ஓம். அந்தா."

"கொஞ்சம் தள்ளுங்கோவன், நாங்களும் பார்க்க."

பாலேஸ்வரிக்கு எரிச்சல் வந்தது. குளியலறைக்குப் போய் ஒரு துவாயை எடுத்து வந்து, இறுக்கிச் சுருட்டி, மச்சாளின் நாடிக்கும் நெஞ்சுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தாள். வாய் மூடிக்கொண்டது. விறாந்தையில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

கருநாக்கு உள்ளவள் சொன்னது பலிக்கும் என்பது சனங்களின் நம்பிக்கை. ஊரில் இருந்த காலத்தில் அதற்காகவே அன்னபாக்கியத்தைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். வெள்ளவத்தையில் அதற்காகவே வந்து கதவைத் தட்டினார்கள். ஆள் ஒன்று, நாக்கு ஒன்று, புள்ளியும் அதே புள்ளி. மாறினது சனங்களின் தேவை மட்டும்தான்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. வடக்கே சண்டை, காலி வீதி நெடுகச் சோதனைச் சாவடி, பாதி வெள்ளவத்தை எதற்கோ காத்துக்கொண்டிருந்தது. கனடா விசா, லண்டன் ஸ்பொன்சர், தடுப்பிலிருக்கும் மகன், பாதி வழியில் நிற்கும் புருசன். பின்னேரம் நாலு மணிக்கு ஒரு தட்டில் நாலு வடையை வைத்து மூடிக்கொண்டு பெண்கள் படியேறி வருவார்கள்.

"ஒருக்கால் உங்கட வாயால சொல்லுங்கோ அக்கா, வரும் எண்டு."

அன்னபாக்கியம் முகட்டைப் பார்ப்பாள். பிறகு வடையைப் பார்ப்பாள். "வரும். பொழுதுபடமுன்னம் வரும்," என்பாள். ஆறு மணிக்கு வந்துவிடும். சில நாட்களில், "நாக்குக்கு இண்டைக்கு லீவு," என்பாள். வடையை மட்டும் எடுத்துக்கொள்வாள்.

ஆறு மணிக்கு வந்ததன் ரகசியம் கீழே இருந்தது. கீழ்த்தளத்தில் ஜாபிர் ஒரு கொமினிகேஷன் வைத்திருந்தான். இரண்டு ரெலிபோன் கூண்டு, ஒரு ஃபக்ஸ் மெஷின். ஒழுங்கைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற கடதாசியெல்லாம் அந்த மெஷின் வழியாகத்தான் வந்து விழும். அன்னபாக்கியம் கொழும்பு ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஒப்பரேட்டராக இருந்து இளைப்பாறியவள். காலையில் சாப்பிட்டதும் இறங்கிப்போய் ஜாபிரின் கதிரையில் உட்கார்ந்து, விழுந்த ஃபக்ஸையெல்லாம் முதலில் தான் வாசிப்பாள். "இதை ஆறு மணிக்குக் குடு," என்பாள். ஜாபிர் ஆறு மணிக்குக் கொடுப்பான். அவனுக்கு அது ஒரு விளையாட்டு.

வீட்டுப் பதிவு பார்க்க வந்த பொலிஸ்காரன்கூட ஒருநாள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தனக்குச் சண்டைப் பக்கத்து வவுனியாவுக்கு மாற்றம் வராது என்று ஒருமுறை சொல்லும்படி கேட்டான். பொலிஸ் மாற்றத்துக்கு ஜாபிரிடம் ஃபக்ஸ் வராது. நாக்கு லீவு எடுத்தது.

"இப்பிடிச் சனத்தைப் பேய்க்காட்டுறது பாவமில்லையோ மச்சாள்?" என்று பாலேஸ்வரி கேட்டால், அன்னபாக்கியம் சிரிப்பாள். "எடி பாலேஸ், ஊரில கெட்டதைச் சொன்னன் எண்டு கலைச்சவை. இஞ்ச நல்லதைச் சொல்லுறன் எண்டு வடை தருகினம். நான் ஏன் வடையை விட?"

ஐயர் வருவது பின்னேரம்தான் என்று பத்து மணிக்குத் தெரிந்தது. பெட்டி வந்தது. அன்னபாக்கியத்துக்குக் கத்தரிப்பூ நிறக் கூறைச்சேலை மாதிரி ஒன்று உடுத்தி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி, கூடத்தில் வளர்த்தினார்கள். தலைமாட்டில் குத்துவிளக்கு. பாலேஸ்வரி பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஒருத்தி குனிந்து காதோடு கேட்டாள்.

"பாலேஸ் அன்ரி, கடைசியா அன்ரி என்ன சொன்னவ?"

அதற்குப் பிறகு வந்த எல்லோரும் அதையே கேட்டார்கள். அழுதுகொண்டு வந்தவர்களும் மூக்கைச் சீறிவிட்டு அதைத்தான் கேட்டார்கள். கருநாக்கின் கடைசிச் சொல் யாருக்குப் போனது என்று தெரியாமல் ஒழுங்கைக்குச் சோறு இறங்காது போலிருந்தது.

பாலேஸ்வரி பொய் சொல்லவில்லை. "மாட்டைக் கட்டினியோ எண்டு கேட்டவ," என்றாள். "நேற்றுப் பின்னேரம் விளக்கு வைக்கேக்க. பிறகு படுத்தவ. காலமை தேத்தண்ணியோட போறன், ஆள் இல்லை."

"மாட்டையோ? இஞ்ச ஏது மாடு?"

"அதுதான் சொன்னவ."

மேல்மாடி வீட்டில் மாடு இல்லைதான். ஒழுங்கையில் ஒன்று இருந்தது. ரெயில் பாதைப் பக்கம் இருக்கும் சிங்களப் பால்காரரின் செம்மண் நிறப் பசு. கயிற்றை இழுத்துக்கொண்டு தன் பாட்டில் ஒழுங்கையில் உலாவும், தண்டவாள ஓரம் புல் மேயும். அன்னபாக்கியம் பல்கனியில் நின்று "அய்யே, ஹரக்கா பந்தின்ன!" என்று நாளுக்கு இரண்டு தரம் கத்துவாள். மாட்டைக் கட்டுங்கள் என்று அர்த்தம். பால்காரர் கையை ஆட்டிச் சிரிப்பார். கட்டமாட்டார்.

பூபாலசிங்கம் விடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சும்மா மாடு இல்லை பிள்ளையள். மாடு எண்டால் இடபம். இடப ராசி. ஆரடா இஞ்ச இடப ராசி?"

விறாந்தையில் சலசலப்பு. ஒருத்தியின் மகன் இடப ராசி, முப்பத்து நாலு வயது, கனடாவில் பெண் பார்த்தபடி. "கட்டு எண்டால் கலியாணம் கட்டு! ஐயோ அன்ரி, போகேக்கயும் என்ர பிள்ளைக்குச் சொல்லிப்போட்டுப் போயிருக்கிறா!" என்று அவள் அழுத அழுகையில் சந்தோசம்தான் கூட இருந்தது. இன்னொருத்தி கட்டு என்றால் வீடு கட்டு என்றாள். அவளுடைய தமையனும் இடபம். சின்னதாக ஒரு வாக்குவாதம்கூட வந்தது. ஜாபிர் ஒரு கேத்தல் பிளேன்டீயோடு மேலே வந்தவன், படியிலேயே நின்று கீழுதட்டைக் கடித்துக்கொண்டான்.

"இது ஒண்டும் புதுசில்லை," என்றார் பூபாலசிங்கம், கதிரையில் வசதியாகச் சாய்ந்து. "ஐம்பத்து மூண்டாம் ஆண்டு. எனக்குப் பதினேழு வயசு. காலமை பெரியக்கா சொன்னவ, மாடு கிணத்துக்குள்ள விழப்போகுது எண்டு. பின்னேரம் விழுந்தது. கட்டின கயிறு தானா அறுந்தது. நான் கண்ணால கண்ட சாட்சி. கேளுங்கோ பாலேஸ் அக்காவை. அவதான் முதல் முதல் சொன்னவ."

எல்லோரும் பாலேஸ்வரியைப் பார்த்தார்கள். பாலேஸ்வரி குத்துவிளக்கின் திரியைத் தூண்டினாள். அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அவள்தான் முதல் முதல் சொன்னவள். அதில் சந்தேகமில்லை.

ஐம்பத்து மூன்றில் அவளுக்குப் பத்தொன்பது வயது. அன்னபாக்கியத்தின் தம்பி நமசிவாயத்தைக் கட்டி வந்து நாலு மாதம். மாமியார் வாய் திறந்தால் அடுப்பில் உலை தானாகக் கொதிக்கும். மாட்டைக் கட்டுவது புது மருமகளின் வேலை. அன்று காலை மச்சாள் அன்னபாக்கியம் போகிற போக்கில், "எடி, சிவலையை ஒழுங்காய்க் கட்டு, கிணத்துக்குள்ள விழப்போகுது," என்றாள். யாரும் சொல்கிற வார்த்தை. பாலேஸ்வரி மறந்துபோனாள். பின்னேரம் சிவலை சுற்றுக்கட்டில்லாத கிணற்றில் விழுந்தது, வயிற்றில் கன்றோடு. மாமியார் ஓடி வந்தபோது பாலேஸ்வரியின் வாயில் வந்தது இதுதான்: "நான் கட்டினனான் மாமி. மச்சாள் காலமை விழும் எண்டு சொன்னவ. கயிறு தானா அறுந்திட்டுது."

அடி தப்பியது. அவ்வளவுதான் அவள் கேட்டதும். ஆனால் அந்தச் சொல் அவளிடமிருந்து கிளம்பி ஊர் சுற்றியது. போன வருடம் புகையிலை கருகியதற்கு முதல்நாள் அன்னபாக்கியம் வரம்பில் நின்றாளாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை பிறந்து செத்ததற்கு முன் அவள் தாயைப் பார்த்து "மெலிஞ்சுபோனாய்" என்றாளாம். வாய் கூடின பெண், இருபத்தெட்டு வயதாகியும் கலியாணம் ஆகாதவள், ஆம்பிளைகளோடு சரிக்குச் சரி கதைப்பவள். அதற்கெல்லாம் காரணம் என்ன என்று ஊர் நெடுநாளாக யோசித்துக்கொண்டிருந்தது, இப்போது கிடைத்துவிட்டது. பேசி வந்த சம்பந்தம் ஒன்று படலையோடு திரும்பிப் போனது. மாமியார் பெற்ற மகளுக்கே பயந்து, மந்திரிக்கிற ஒருவனைக் கூட்டி வந்தாள். நாக்கின் விசத்தை எடுக்க வேண்டும் என்று அவன் வெள்ளி ஊசியை விளக்கில் காய்ச்சினான். நாலு பேர் பிடித்தார்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் பாலேஸ்வரி.

புண் ஆறியதும் நாக்கில் மிளகளவில் ஒரு கறுப்புப் புள்ளி நின்றது. அதற்குப் பிறகு சந்தேகப்பட்டவர்களும் நம்பினார்கள். பாருங்கோ, பிறவியிலேயே கருநாக்கு என்றார்கள்.

அடுத்த மாதம் அன்னபாக்கியம் கொழும்புக்கு ரெயில் ஏறினாள். அந்த நாக்கால்தான் முப்பது வருடம் "நம்பர் ப்ளீஸ்" சொல்லிச் சம்பாதித்தாள். நமசிவாயம் செத்து, மகனும் லண்டனுக்குப் போய், பாலேஸ்வரி தனித்துப்போன எண்பத்தைந்தில் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "வா. இங்கே கடல் இருக்கு. மாடு இல்லை." பாலேஸ்வரி அந்தக் கடிதத்தை நாலு தரம் வாசித்தாள். வந்து சேர்ந்த முதல் நாள் பின்னேரம், விளக்கு வைத்து, காஸ் சிலிண்டரை மூடி, கதவுத் தாழ்ப்பாளைப் போடும் நேரம், முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"பாலேஸ், மாட்டைக் கட்டினியோ?"

பாலேஸ்வரியின் கை தாழ்ப்பாளிலேயே நின்றது. "ஓம் மச்சாள், கட்டிட்டன்," என்றாள். மச்சாள் சிரித்துக்கொண்டு படுக்கப் போனாள்.

பன்னிரண்டு வருடம், ஒவ்வொரு பின்னேரமும் அதே கேள்வி, அதே பதில். அயலார் அதை அந்த வீட்டுப் பகிடி என்று நினைத்தார்கள். மச்சாளுக்குத் தெரியும் என்று பாலேஸ்வரிக்குத் தெரியும். இல்லை மச்சாள், கட்டேல்லை, பொய் சொன்னனான் என்று ஒருநாள் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்துத்தான் நேற்றும் "ஓம்" என்றாள்.

இரண்டு மணிக்கு ஐயர் வந்தார். கிரியை முடிந்து மூன்று மணிக்கு வாய்க்கரிசிக்குப் பெண்கள் வரிசை கட்டினார்கள். வரிசையில் நாலாவதாகக் கௌரி நின்றாள்.

கௌரி கீழே பின்பக்க அறையில் வாடகைக்கு இருப்பவள், இருபத்தாறு வயது. அவளுடைய புருசன் ஏஜென்சிக்காரன் மூலம் சுவிஸுக்குப் புறப்பட்டு, மொஸ்கோவிலிருந்து ஒருதரம் கதைத்து, அதோடு ஏழு மாதம். வாரம் ஒருமுறை வடையோடு வருவாள். அன்னபாக்கியம் ஏழு மாதமும் அவளுக்கு லீவுதான் சொன்னாள். வடையையும் தொடமாட்டாள், "கொண்டுபோய் நீ சாப்பிடு, மெலிஞ்சுபோனாய்," என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

கௌரியின் முறை வந்தது. இப்போது அரிசியை எடுத்துக்கொண்டு வந்தவள், வாய்ப்பக்கம் போகாமல் கால்மாட்டில் நின்றாள். கட்டியிருந்த பெருவிரல்களைப் பார்த்தாள்.

"அவரும் இடப ராசி அன்ரி," என்றாள்.

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கட்டியாச்சோ எண்டுதானே கேட்டவ? இப்பிடிக் கட்டுறதைத்தானே? எனக்குத் தெரியும். ஏழு மாசமா எனக்கு மட்டும் ஒண்டும் சொல்லாமல் விட்டவ. தெரிஞ்சுகொண்டுதான் சொல்லாமல் விட்டவ." அரிசி விரலிடுக்கால் உதிர்ந்தது. "இனி நான் ஏன் இதை..." கை நெற்றிப் பொட்டுக்குப் போனது.

"கௌரி, கையை எடு!"

பாலேஸ்வரிக்கே தன் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று தெரியாது. அவள் எழுந்து நின்றாள்.

"அது உன்ர மனுசன் இல்லை. அது மாடு. நாலு காலும் வாலும் உள்ள மாடு. எங்கட சிவலை."

"அன்ரி..."

"கேள். அதைக் கட்டவேண்டினது நான். மறந்துபோனன். கயிறு அறுகேல்லை, கயிறு கொட்டிலில கொழுவினபடி கிடந்தது. மாமியின்ர அடிக்குப் பயந்து மச்சாளின்ர நாக்கில பழியைப் போட்டனான். இவவுக்குக் கருநாக்கு இல்லை. ஊசியைக் காய்ச்சிச் சுட்ட தழும்பு அது. நான்தான் விளக்குப் பிடிச்சனான்." அவள் நிறுத்தவில்லை. நாற்பத்து நாலு வருடம் பிந்திப் புறப்பட்ட சொல் இனி எதற்கு நிற்கவேண்டும்? "இவவுக்கு ஒண்டும் முன்கூட்டித் தெரியாது கௌரி. உன்ர மனுசனைப் பற்றி ஒரு செய்தியும் வரேல்லை, அதால ஒண்டும் சொல்லேல்லை. அவ்வளவுதான். செய்தி வரேல்லை எண்டால் செய்தி வரேல்லை. செத்தது எண்டில்லை."

கௌரி வாசலைப் பார்த்தாள். கேத்தலோடு நின்ற ஜாபிர் தலையைக் குனிந்துகொண்டான்.

"பெரியம்மா மொதல்ல ஃபக்ஸ வாசிப்பாங்க," என்றான். "வாசிச்சத்தான் சொல்லுவாங்க. இல்லாதத ஒருநாளும் சொல்லல்ல. ஒங்க பேருக்கு ஒண்டும் வரல்ல தங்கச்சி, அல்லா மேல ஆணை. காலையில வந்து ஒக்காந்ததும் மொதல்ல அதத்தான் கேப்பாங்க, கௌரிக்கு ஏதும் வந்திச்சா எண்டு."

கௌரி நெற்றியிலிருந்து கையை இறக்கினாள். பொட்டு கொஞ்சம் கலைந்திருந்தது. அவள் சிரித்தாளா அழுதாளா என்று சொல்வது கஷ்டம். இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது. கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு வந்து, கையில் மிஞ்சியிருந்த நாலு அரிசியை வைத்துக்கொண்டு நின்றாள்.

பாலேஸ்வரி மற்றவர்களைப் பார்த்தாள். கல்லெறியப்போகிறார்களா, காறித் துப்பப்போகிறார்களா, எதற்கும் தயாராகத்தான் நின்றாள். ஆறு மணி ஃபக்ஸுக்கு வடை சுட்ட பெண்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

பூபாலசிங்கம் மெதுவாகக் கதிரையிலிருந்து எழும்பினார். வேட்டியைச் சரிசெய்தார்.

"பார்த்தியளோ?" என்றார். "நாற்பத்து நாலு வருசமா வாய் திறக்காத மனுசி. ஆர் சொல்ல வைச்சது? போன பிறகும் பெரியக்காவின்ர நாக்குத்தான் சொல்ல வைச்சது!"

"ஐயோ, ஓம்!" என்றாள் கனடாப் பிள்ளையின் தாய். அவளுக்கு உடம்பு புல்லரித்தது.

"பூபாலசிங்கம், நான் சொன்னது விளங்கேல்லையோ? ஒண்டும் இல்லை எண்டு சொல்லுறன்!"

"விளங்குது அக்கா, விளங்குது. நீங்கள் அழாதேங்கோ. துவாயை எடுங்கோ, வாய்க்கரிசிக்கு நேரமாகுது."

பாலேஸ்வரி ஆத்திரத்தோடு நாடித் துணியை அவிழ்த்து, துவாயை உருவினாள். வாய் திறக்கவில்லை. காலையில் மூன்று தரம் கட்டியும் நில்லாத நாடி, இப்போது உடம்பு விறைத்துப்போனதால் மூடினபடி நின்றது. அவ்வளவு லேசான காரணம். ஆனால் பதினைந்து பெண்கள் ஒரே மூச்சில் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"சொல்ல வேண்டியதைச் சொல்லுவிச்சுப்போட்டு மூடிட்டா," என்றார் பூபாலசிங்கம். அவர் கண் கலங்கியிருந்தது.

பாலேஸ்வரி மச்சாளின் முகத்தைப் பார்த்தாள். மூடின வாயின் ஓரம், வடைத் தட்டு வரும்போது இருப்பதுபோல, கொஞ்சம் மேலே போயிருந்தது. பாலேஸ்வரிக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். "அழட்டும், விடுங்கோ, அழட்டும்," என்று யாரோ முதுகைத் தடவினார்கள். தடவத் தடவ அது அழுகையாகவே ஆகிவிட்டது. நன்றாக, வாய்விட்டு, மச்சாள் மச்சாள் என்று அழுதாள்.

நாலு மணிக்குக் கறுப்பு வான் வந்தது. படி ஒடுக்கம், பெட்டியைச் சரித்துத்தான் இறக்கவேண்டியிருந்தது. ஜாபிர் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு ஒரு பக்கம் தோள் கொடுத்தான். சந்தியில் நின்ற பொலிஸ்காரன் தொப்பியைக் கழற்றினான். வவுனியாப் பயம் இன்னும் அவனை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது. ஆண்கள் வானோடும் இரண்டு வாடகைக் காரிலும் போனார்கள். பெண்கள் கேற்றோடு நின்றுகொண்டார்கள். வான் காலி வீதிக்குத் திரும்பியதும், அவர்கள் ஒவ்வொருவராகத் தலை தோய வீட்டுக்குப் போனார்கள். இடப ராசிக் கலியாணப் பேச்சு இன்னும் தீரவில்லை. ஒழுங்கை முடியும்வரை கேட்டது.

வீடு கழுவக் கௌரி வாளியும் தும்புத்தடியும் எடுத்துக்கொண்டு வந்தாள். கலைந்த பொட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்திருந்தாள்.

"வாங்கோ அன்ரி, மேல போவம்."

"நீ போ. வாறன்."

கடல் பக்கமிருந்து பால்காரரின் பசு வந்துகொண்டிருந்தது. ஒழுங்கையில் சிந்திக் கிடந்த பூக்களை மோந்து பார்த்து, அறுந்து விழுந்திருந்த செவ்வந்தி மாலை ஒன்றைக் கவ்விக்கொண்டது. கயிறு தார் ரோட்டில் நீளத்துக்கு இழுபட்டது. தெஹிவளைப் பக்கம் ரெயில் கூவியது.

பாலேஸ்வரி குனிந்து கயிற்று நுனியைப் பிடித்தாள். பசு அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, பேசாமல் பின்னால் வந்தது. ஜாபிரின் கடைக்கு முன்னால் இருந்த லைட் போஸ்டில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

"நோனா, ஓக கொஹேவத் யன்னே நே," என்று பால்காரர் தூரத்திலிருந்து சிரித்தார். அது எங்கேயும் போகாதாம்.

பாலேஸ்வரி கயிற்றை இறுக்கினாள். ஒரு முடிச்சுப் போட்டாள். அதன் மேல் இன்னொன்று. இழுத்துப் பார்த்தாள். திருப்தி வராமல் மூன்றாவதும் போட்டு, இரண்டு கையாலும் பிடித்து, மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

பிறகு கேற்றைச் சாத்திவிட்டுப் படியேறினாள். மாடு மாலையை மென்றுகொண்டு கட்டின இடத்திலேயே நின்றது.